சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கருமான நண்பர்கள் என்னிடம் பல காலமாகக் கேட்டுவரும் கேள்விகளையும், எங்கள் சபை இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த விசுவாசத்துக்குள் இருந்தே பதில் சொல்கிறேன். எங்களுக்குள் கருத்து வேறுபடும் இடங்களையும் மறைக்கவில்லை.

சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள் என்று தனியாக ஒரு சபை இருக்கிறதா?

கிடையாது. இது பல சபைகளுக்குள் ஓடும் ஒரு விசுவாசப் போக்கு. ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்து, பாப்திஸ்து, சகோதரர் சபை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என எல்லாவற்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும், குறிப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்தில், நிறையப் பேர் உண்டு. இவர்களுக்குப் பொதுவான தலைவர் இல்லை, தலைமையகமும் இல்லை. 1846-இல் லண்டனில் கூடி அமைத்த சுவிசேஷகக் கூட்டணியும், இந்தியாவில் 1951-இல் தொடங்கிய சுவிசேஷக ஐக்கியமும் ஒத்துழைப்புக்கான மேடைகள். எந்தச் சபையையும் அவை ஆள்வதில்லை.

பிறகு எப்படி அடையாளம் காண்பது? பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-இல் நான்கு குணங்களைச் சுட்டினார்: வேதாகமத்துக்குத் தரும் உயர்ந்த இடம், சிலுவை மரணத்தை மையமாக வைப்பது, ஒவ்வொருவரும் தாமே மனந்திரும்ப வேண்டும் என்ற வற்புறுத்தல், விசுவாசத்தைச் செயலில் காட்டும் துடிப்பு. ஆய்வாளர்கள் இன்றும் இதையே எடுத்தாளுகிறார்கள். நான்கில் சிலுவைதான் வேர் என்பது என் எண்ணம். அதை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் வெறும் மத உற்சாகமாகிவிடும்.

இந்தப் போக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க இறக்குமதியா?

இந்த எண்ணம் பரவலாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேர் 1517-இல் மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் தொடங்கிய சீர்திருத்தம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்த அவர், மனிதன் தன் கிரியைகளால் அல்லாமல் கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமே தேவனுக்கு முன் நீதிமானாகிறான் என்று போதித்தார். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் லுத்தரன் சபைகளுக்குள்ளேயே பக்தி இயக்கம் ஒன்று எழுந்தது. சரியான உபதேசத்தை ஒப்பித்தால் போதாது, இருதயம் மாற வேண்டும் என்றார்கள் அவர்கள். ஹாலே நகரம் அதன் மையமாக இருந்தது. அந்த வட்டத்திலிருந்து வந்த பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற இளைஞர்தான் டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கினார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-இல் அங்கேயே அச்சிட்டு முடித்தார். அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறந்திருக்கவில்லை.

இங்கிலாந்தில் இது பெரும் இயக்கமானது அதற்குப் பிறகுதான். ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், உபவாசமும் ஏழைகளுக்கு உதவியும் தவறாதவர், அமெரிக்கக் குடியேற்றமான ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய் வந்தவர். ஆனாலும் தம் பாவம் மன்னிக்கப்பட்டதா என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே, வேதாகமத்திலுள்ள பவுலின் கடிதமான ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோதே தம் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாகவும், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்ற உறுதி பிறந்ததாகவும் தம் நாட்குறிப்பில் எழுதினார். பக்திமானாகவும் குருவாகவும் இருந்த ஒருவருக்கே, தகுதி பாராமல் தேவன் தரும் தயவான கிருபை அதுவரை கைக்கு எட்டாததாக இருந்திருக்கிறது. எங்கள் சபைகளில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

அடுத்த ஆண்டே அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு, பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட்டில், ஆலயப் பக்கமே வராத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்த வெளியில் பிரசங்கித்தார். நம் ஊர் கன்வென்ஷன் பந்தல்களின் பரம்பரை அங்கே தொடங்குகிறது.

வேதாகமத்தில் உள்ள ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்கிறீர்களா?

வேதாகமத்தின் 66 புத்தகங்களும் தேவ ஆவியானவரின் ஏவுதலால் எழுதப்பட்டவை, விசுவாசத்துக்கும் வாழ்க்கைக்கும் அவையே இறுதி அதிகாரம் என்று நம்புகிறோம். போதகரோ பேராயரோ சொன்னாலும், பாரம்பரியம் சொன்னாலும், வேதத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

ஆனால் கவிதையைக் கவிதையாகவும் உவமையைச் சொன்னவரின் நோக்கத்தோடும் வாசிக்க வேண்டும். கர்த்தர் என் மேய்ப்பர் என்று சங்கீதக்காரன் பாடும்போது நம்மை யாரும் நாலுகால் ஆடு என்று எண்ணுவதில்லை. ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களா, நீண்ட காலங்களா, இலக்கிய அமைப்பா என்பதில் உறுதியான சுவிசேஷக அறிஞர்களே வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாட்டுக்காக ஒருவருடைய விசுவாசத்தையே சந்தேகிப்பது தவறு.

இதில் என்னை வருத்தும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒற்றை வசனத்தை அந்த ஆண்டின் பலன்போலப் பிடித்துக்கொள்கிறோம். அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பார்ப்பதே இல்லை. எரேமியா 29-இல் உள்ள நம்பிக்கை வார்த்தை பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு வந்தது. விடுதலைக்கு இன்னும் 70 ஆண்டுகள் இருப்பதாக அதற்கு முந்தைய வசனமே சொல்கிறது. அதையும் சேர்த்து வாசித்தால் ஆறுதல் குறையாது. அப்போதுதான் அது மெய்யான ஆறுதலாகும்.

திரியேக தேவன் என்றால் மூன்று கடவுள்களா?

ஒரே தேவன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நித்தியமாக மூன்று ஆட்களாக இருக்கிறார். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் சபைத் தலைவர்கள் கூடி அறிக்கையிட்ட அதே விசுவாசத்தைத்தான் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் நாங்களும் அறிக்கையிடுகிறோம். மனித அறிவு இதை முழுவதும் அளந்துவிட முடியாது. ஆனால் இது வீண் கணக்கும் அல்ல. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்றால், உலகம் உண்டாகும் முன்னமே அவருக்குள் அன்பு செலுத்துபவரும் அன்பு பெறுபவரும் இருந்தார்கள் என்பதே அதன் பொருள்.

நேர்மையாக வாழும் நல்லவர்களையும் பாவிகள் என்பது நியாயமா?

எல்லாரும் சம அளவில் கொடியவர்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. கிறிஸ்தவர் அல்லாத எத்தனையோ பேர் எங்களில் பலரைவிடக் கருணையும் நேர்மையும் கொண்டவர்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை.

ரோமர் 3:23 எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள் என்கிறது. அந்த அளவுகோல் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, தேவனுடைய பரிசுத்தம். அயலானோடு ஒப்பிட்டால் தேறிவிடுவோம். முழு இருதயத்தோடும் தேவனையும், நம்மைப்போலவே பிறரையும் நேசித்தோமா என்று கேட்டால் ஒருவரும் தேற மாட்டோம். பாவம் என்பது குற்றப்பட்டியலுக்கு முன்பே நம் மனம் தேவனை விட்டுத் தன்னையே மையமாக வைத்துக்கொண்ட நிலை. மேடையேறிப் பிரசங்கிப்பவருக்கும் அது பொருந்தும்.

தேவன் சும்மா மன்னித்துவிடலாமே, இயேசு ஏன் சிலுவையில் சாக வேண்டும்?

எங்கள் விசுவாசத்தின் இருதயம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மன்னிப்பு ஒருபோதும் விலையில்லாமல் நடப்பதில்லை. உங்களிடம் கடன் வாங்கியவர் திருப்பித் தர வழியில்லாமல் நிற்கும்போது நீங்கள் அதைத் தள்ளுபடி செய்தால், அந்தத் தொகை மறைந்துபோவதில்லை. இழப்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். துரோகத்தை மன்னித்தவர்களுக்கு அந்த வலியை யார் சுமந்தது என்று தெரியும்.

தேவன் அன்புள்ளவர், அதோடு நீதியுள்ள நியாயாதிபதியும்கூட. ஒடுக்கப்பட்டவனுடைய கண்ணீரையும் ஏமாற்றப்பட்ட விதவையின் முறையீட்டையும் கண்டுகொள்ளாமல் பரவாயில்லை என்று சொல்லிவிடும் தேவனை யார் வணங்க முடியும்? தீமைக்குத் தீர்ப்பு வந்தே ஆக வேண்டும். அந்தத் தீர்ப்பு நம்மேல் விழுந்தால் நாம் தாங்க மாட்டோம். ஆகவே தேவனே மனிதனாக வந்து, குமாரனாகிய இயேசு கிறிஸ்துவில் அந்தத் தீர்ப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். ஏசாயா 53 இதை முன்னறிவிக்கிறது: நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டார்.

கோபக்காரப் பிதா ஒன்றுமறியாத மகனைத் தண்டித்தார் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எங்கள் மேடைகளிலேயே சிலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அது பெரிய பிழை. பிதாவும் குமாரனும் ஒரே தேவன், ஒரே சித்தம். யோவான் 10-இல் தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக இயேசு சொல்கிறார். நியாயாதிபதியே தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்பதே நற்செய்தி.

சிலுவையின் பொருளை இன்னும் பல விதங்களில் வேதம் பேசுகிறது: பிசாசின்மேல் வெற்றி, அடிமைகளை மீட்ட கிரயம், பகைவரை ஒப்புரவாக்கிய சமாதானம், நமக்கு வைத்துப்போன மாதிரி. எதையும் நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் நமக்குப் பதிலாக அவர் மரித்தார் என்பது இவை அனைத்தையும் தாங்கி நிற்கிறது. சிலுவையில் அவர் முடிந்தது என்றார். பாக்கி எதையும் அவர் வைக்கவில்லை. மொட்டை, நடைப்பயணம், உபவாசம், காணிக்கை, ஊழியம் என்று எதைக் கொண்டும் அதோடு ஒரு ரூபாயும் நாம் சேர்க்க முடியாது.

அப்படியானால் இரட்சிப்பு இலவசமா? எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

ஆம், இலவசம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் நற்கிரியை செய்ய நேரமே இல்லாமல், என்னை நினைத்தருளும் என்று ஒரு வார்த்தை கேட்டான். அன்றைக்கே பரதீசில் தம்முடன் இருப்பான் என்ற உறுதி கிடைத்தது.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: வாழ முடியாது. எபேசியரின் அதே அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் எழுதுகிறார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதுகிறார். இரட்சிக்கப்பட வேண்டும் என்று நற்செயல் செய்பவன் எப்போதும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவன் நன்றியால் செய்வான். வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், உள்ளே ஒருவன் கூலிக்காரன், மற்றவன் பிள்ளை. வரதட்சணை வாங்கிக்கொண்டே சாட்சி சொல்லும் எங்கள் குடும்பங்களைப் பார்க்கும்போது, மேடையில் முழங்கும் கிருபை வீட்டுக்குள் நுழையவில்லையோ என்று எனக்குக் கவலை வருகிறது.

மறுபடியும் பிறப்பது என்றால் என்ன? தேதி நினைவிருக்க வேண்டுமா?

யோவான் 3-ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமு என்ற மதத் தலைவர் இரவில் இயேசுவிடம் வருகிறார். ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான் என்கிறார் இயேசு. இதற்கும் மரணத்துக்குப் பின் வேறு உடலெடுக்கும் மறுபிறவிக்கும் தொடர்பில்லை. இந்த வாழ்க்கையிலேயே பரிசுத்த ஆவியானவர் ஒருவருடைய உள்ளத்தைப் புதிதாக்குவது அது. மனிதனுடைய பக்கத்தில் அது மனந்திரும்புதலாகவும் விசுவாசமாகவும் வெளிப்படும்.

வெஸ்லிபோல நாளும் இடமும் சொல்பவர்கள் உண்டு. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி என்று வளர்ந்து, எந்த நாளில் விசுவாசித்தோம் என்றே தெரியாதவர்களும் உண்டு. இருவரும் விசுவாசிகளே. கூட்டத்தில் கை உயர்த்தி, முன்னால் வந்து ஒப்புக்கொடுத்த தேதியை டைரியில் குறித்துவைத்திருப்பதைவிட, இன்று கிறிஸ்துவை நம்புகிறேனா என்பதே முக்கியம். இளைஞர்களே, முகாமுக்கு முகாம் மறுபடி மறுபடி ஒப்புக்கொடுத்து, இந்த முறையாவது உண்மையாக இருந்ததா என்று உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தீர்மானத்தின் பலம் உங்களை இரட்சிப்பதில்லை. கிறிஸ்துவே இரட்சிக்கிறார்.

இயேசு உண்மையாகவே உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறீர்களா, அடையாளமாகச் சொல்கிறீர்களா?

உண்மையாகவே, சரீரத்தோடு. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் 1 கொரிந்தியர் 15-இல் எழுதினார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் இரட்சிப்பு இல்லையா?

இரட்சிப்பது கிறிஸ்து, தண்ணீர் அல்ல. அதே சமயம் அது அவருடைய கட்டளை, விருப்பப்பட்டால் செய்யும் சடங்கு அல்ல. பாப்திஸ்து, சகோதரர், பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம். லுத்தரன், மெதடிஸ்து சபைகளிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் குழந்தைகளுக்கும் கொடுத்து, வளர்ந்த பின் திடப்படுத்தல் என்ற ஆராதனையில் தங்கள் விசுவாசத்தை அவர்களே அறிக்கையிடச் செய்கிறார்கள். இரு தரப்பிலும் ஆழ்ந்த விசுவாசிகள் இருக்கிறார்கள். ஒருவரை இன்னொருவர் சபைக்கு இழுப்பதற்கான ஆயுதமாக இது ஆகிவிட்டதுதான் துக்கம்.

கத்தோலிக்கர்களோடு எதில் வேறுபடுகிறீர்கள்?

ஒற்றுமையை முதலில் சொல்லிவிடுகிறேன்: திரியேக தேவன், கன்னிப்பிறப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல், திரும்ப வருதல் எல்லாம் ஒன்றே. வேறுபாடு அதிகாரத்திலும் மத்தியஸ்தத்திலும் இருக்கிறது. போப்பாண்டவரின் போதக அதிகாரத்தை நாங்கள் ஏற்பதில்லை. எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், அவர்களுடையதில் 73. மரியாளை ஸ்திரீகளுக்குள்ளே ஆசீர்வதிக்கப்பட்டவள் என்று மதிக்கிறோம், ஆனால் அவரிடமோ புனிதர்களிடமோ மன்றாடுவதில்லை. பாவ அறிக்கை செய்யக் குருவானவர் தேவையில்லை, கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர்.

நீதிமானாக்கப்படுதல் பற்றிய பழைய சண்டை ஓரளவு தணிந்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் அதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்களைப் பார்த்துக் கேலி பேசும் எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்வேன்: அவர்களுடைய ஏக்கம் மெய்யானது. கிறிஸ்துவின் கிருபையைச் சொல்ல வேண்டுமானால் அன்போடு சொல்லுங்கள்.

பெந்தெகொஸ்தே சபையினரும் சுவிசேஷகர்களா? அந்நியபாஷை கட்டாயமா?

அடிப்படை உபதேசத்தில் ஆம். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்து அந்த எழுப்புதல் உலகெங்கும் பரவியது. பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளமாக அந்நியபாஷையை, அதாவது தாம் கற்காத மொழியில் பேசுவதை, அவர்களில் பலர் எதிர்பார்க்கிறார்கள். மற்றவர்கள் எல்லா வரங்களும் எல்லாருக்கும் கொடுக்கப்படுவதில்லை என்கிறோம். தேவன் இன்றும் நோயைக் குணமாக்க வல்லவர் என்று நானும் நம்பி ஜெபிக்கிறேன். ஆனால் குணமாகாதவரிடம் போய் உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் கொடுமை. பவுலே மூன்று முறை வேண்டியும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் கிடைத்தது.

காணிக்கை கொடுத்தால் ஆசீர்வாதம் பெருகும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே?

அது செழிப்பு உபதேசம். அது சுவிசேஷம் அல்ல, வேறொரு சுவிசேஷம். வெட்கத்தோடும் கோபத்தோடும் இதை எழுதுகிறேன். தேவனோடு வியாபாரம் பேசச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் போதனை, கிருபையின் அடிவேரையே அறுக்கிறது. லூத்தர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டுக்கும் ஆசீர்வாதத் திட்டம் என்று வசூலிக்கப்படும் பணத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தலை சாய்க்க இடமில்லாதவரின் பெயரைச் சொல்லி, கடன்பட்டவர்களிடமும் நோயாளிகளிடமும் வாங்குகிறார்கள். நாம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பதும் ஊழியத்தைத் தாங்குவதும் நன்றியின் கனிகள். ஏழை விதவையின் இரண்டு காசைக் கண்டு இயேசு நெகிழ்ந்தார், ஆனால் அதே பகுதியில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்தார். கணக்கு வெளியிடாத எந்த ஊழியத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இயேசு ஒருவரே வழி என்பது மற்ற மதங்களை அவமதிப்பதாகாதா? மதமாற்றம்?

வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை என்று அப்போஸ்தலர் 4:12 சொல்வதை நாங்கள் மழுப்ப முடியாது. அது உங்களுக்குக் கடினமாக இருப்பதைப் புரிந்துகொள்கிறேன். பிறருடைய வழிபாட்டை இகழவோ, அவர்கள் தெய்வங்களைப் பழிக்கவோ இதில் அனுமதி கிடையாது. அப்படிச் செய்பவர்கள் ஆண்டவரின் பெயருக்கே இழுக்கு.

சுவிசேஷம் சொல்வது எங்கள் கடமை. மத்தேயு 28-இல் உள்ள கட்டளை அது. இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் அரிசியும் வேலையும் காட்டி, பயமுறுத்தி, அவசரத் தேவையைப் பயன்படுத்தி உண்டாக்கும் மாற்றம் எங்கள் உபதேசத்தின்படியே செல்லாது. மறுபடியும் பிறப்பது தேவ ஆவியின் கிரியை என்று நம்புகிறவன், பணம் கொடுத்து அதை உண்டாக்க எப்படி நினைப்பான்? கேட்டவர் மறுத்தால் அவரோடு நட்பு அப்படியே தொடர வேண்டும்.

சமூக நீதியைப் பற்றி அக்கறை உண்டா, பரலோகம் மட்டும்தானா?

இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் சுவிசேஷக விசுவாசத்துக்கு வந்தபோது அரசியலைவிட்டு விலக நினைத்தார். முன்பு அடிமைக் கப்பல் தலைவராக இருந்து மனந்திரும்பிய ஜான் நியூட்டன், அவரை நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொன்னார். 1807-இல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது. 1833-இல், பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைத்தனத்தையே ஒழிக்கும் மசோதா நிறைவேறுவது உறுதியானது என்ற செய்தி கேட்டு மூன்று நாட்களில் அவர் இறந்தார். அதே இயக்கத்தின் பெருமைக்குரிய பிரசங்கி விட்ஃபீல்டு தாமே அடிமைகளை வைத்திருந்தார், ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்கவும் வாதாடினார். இரண்டும் எங்கள் வரலாறுதான்.

1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், அமெரிக்கப் பிரசங்கி பில்லி கிரகாம் முன்னின்று கூட்டிய மாநாட்டுக்கு சுமார் 150 நாடுகளிலிருந்து வந்தார்கள். ஆங்கிலிக்கன் குருவான ஜான் ஸ்டாட் முதன்மையாக இருந்து வரைந்த லோசான் உடன்படிக்கை, சுவிசேஷ அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று சொல்லி, இதுவரை சமூக ஈடுபாட்டைப் புறக்கணித்ததற்காக வருந்தவும் செய்தது. தமிழ்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே மிஷனரி ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் சிறுமிகளைக் காத்து வளர்த்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக உழைத்தார். தமிழர் காணிக்கையில் தமிழ் மிஷனரிகள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். 1912-இல் அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

அப்படியானால் சபைக்குள் சாதி ஏன் இருக்கிறது?

இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். பெரும் பக்திக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பவர்கள், கலியாணம் பேசும்போது பிரிந்து நிற்கிறோம். தனிக் கல்லறைத் தோட்டங்களும் நம் ஊர்களில் இருக்கின்றன. கிரியையினால் யாரும் பெருமைபாராட்ட முடியாது என்றால் பிறப்பினால் பெருமைபாராட்டுவது எப்படி முடியும்? கிருபையை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே சாதி பார்ப்பவன், சிலுவையை இன்னும் நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் போதகராகலாமா?

சபைக்குச் சபை வேறுபடுகிறது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது. 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். சகோதரர் சபைகளில் பெண்கள் பொது ஆராதனையில் பிரசங்கிப்பதில்லை. இரு தரப்பும் வேதத்தையே காட்டுகிறார்கள். நான் முதல் தரப்பு.

அமெரிக்காவில் இந்தப் பெயர் ஒரு கட்சியின் பெயர்போல ஒலிக்கிறதே?

அங்கே வெள்ளையரான சுவிசேஷகர்களில் பெரும்பாலோர் ஒரு கட்சிக்கு வாக்களிப்பது உண்மை. அதே விசுவாசத்தைக் கொண்ட கறுப்பினச் சபைகள் பெரும்பாலும் அடுத்த கட்சிக்கு வாக்களிக்கின்றன. நைஜீரியாவிலும் பிரேசிலிலும் கொரியாவிலும் தூத்துக்குடியிலும் இருப்பவர்களுக்கு அந்த நாட்டுத் தேர்தலோடு எந்த உறவும் இல்லை.

இயேசு திரும்ப வருவது எப்போது? நரகம் உண்டா?

வருவார் என்பதில் கருத்து வேறுபாடில்லை. கிறிஸ்துவின் ஆயிர வருட ஆட்சிக்கு முன்னா பின்னா, விசுவாசிகளாகிய சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது எப்போது என்பதில் ஏகப்பட்ட கருத்துகள். நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று இயேசு சொன்ன பிறகும் தேதி குறிப்பவர்கள் ஓய்வதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ நம்பிக் காத்திருந்து ஏமாந்தார்கள். யாராவது உங்களுக்குத் தேதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நரகத்தைப் பற்றி மிகுதியாகப் பேசியவர் இயேசுவே, ஆகவே நாங்கள் மறுக்க முடியாது. பெரும்பாலோர் அதை நித்திய தண்டனையாக எடுத்துக்கொள்கிறார்கள். துன்மார்க்கர் இறுதியில் இல்லாமற்போவார்கள் என்ற கருத்தை ஜான் ஸ்டாட் போன்றவரே தயக்கத்தோடு முன்வைத்ததுண்டு. கண்ணீர் இல்லாமல் நரகத்தைப் பிரசங்கிப்பவரை நான் நம்புவதில்லை.

நான் கிறிஸ்தவன் அல்ல. வாசித்துப் பார்க்க விரும்பினால் எங்கே தொடங்கலாம்?

ஆதியாகமத்திலிருந்து தொடங்காதீர்கள். லேவியராகமத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கில் மிகச் சிறியது, 16 அதிகாரங்கள், ஒரு மாலையில் வாசித்துவிடலாம். பிறகு யோவான், அதன் பின் ரோமர். வழக்கமாகச் சபைகளில் பயன்படும் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் தமிழ் பழையது, கடினமாக இருந்தால் எளிய தமிழில் உள்ள வேறு மொழிபெயர்ப்புகளும் இந்திய வேதாகமச் சங்கத்தின் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும். வாசிக்கும்போது எழும் கேள்விகளைக் குறித்துவைத்து, உங்களுக்குத் தெரிந்த விசுவாசி ஒருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு யாரும் வரலாம், காணிக்கைப் பை வரும்போது போட வேண்டியதில்லை, திருவிருந்து நேரத்தில் அமர்ந்திருந்தாலும் ஒருவரும் தவறாக எண்ண மாட்டார்கள்.